டைப்ரைட்டர் இல்லை

யுனிக்ஸ் என்ற பெயரைச் செஞ்சியில் முதன்முதலில் உச்சரித்தவன் நானாகத்தான் இருக்க வேண்டும். அதைக் கேட்ட மேலாளர், "யூனிட்ஸா? எத்தினி யூனிட்டு?" என்று கேட்டார். கரண்ட் பில் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அந்த வயதில் எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும். அறிவு இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறவனுக்கு வருகிற கோபம்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தைந்து முடியவில்லை. மெட்ராசில் கம்ப்யூட்டர் விற்கும் ஒரு சிறிய கம்பெனியில் வேலை. விற்ற மெஷினோடு ஊர் ஊராகப் போய், பெட்டியைப் பிரித்து, மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருளான யுனிக்ஸை ஏற்றி, அதன் மேல் வாங்கியவர்களுக்கு வேண்டிய மென்பொருளை ஏற்றி, "நன்றாக ஓடுகிறது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். செஞ்சியில் வாங்கியவர்கள் நிலக்கடலை விதை விற்கிற ஒரு தனியார் கம்பெனி. திருவண்ணாமலை சாலையில் ஒரு மாடி. கீழே கடலை மூட்டைகள், மேலே அலுவலகம். வல்லத்திலும் பனமலைப் பக்கத்திலும் எந்த விவசாயி எந்த வயலில் எந்த விதை போட்டிருக்கிறார், நூற்றுக்கு எத்தனை முளைத்தது என்ற விவரமெல்லாம் அதுவரை காகிதத்தில் இருந்தது. இனி மெஷினில் இருக்க வேண்டும் என்று மெட்ராசில் இருந்த தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது.

அந்தக் காகிதங்களை எல்லாம் டைப் அடித்தது ஒரு பெண். மூன்று வருடமாகத் தற்காலிக வேலை. என் வயதுதான் இருக்கும். நேரில் அவளிடம் நான் "நீங்க" என்றுதான் பேசினேன். இங்கே அவள் என்று எழுதுகிறேன். இத்தனை வருடமாக மனதுக்குள் அப்படித்தான் கூப்பிட்டு வந்திருக்கிறேன், இப்போது மாற்றினால் யாரைப் பற்றியோ எழுதுவது போல இருக்கும்.

திங்கட்கிழமை காலை நான் பெட்டியைப் பிரிக்கும்போதே மேலாளர் அவளை முன்னால் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர் எதையும் ஒளித்துப் பேசாத மனிதர். அது நல்ல குணமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"மெஷினு வந்துட்டா டைப்பிங் சீட்டு கெடையாது. மெஷின்ல ஒக்கார ஒரே ஆளுதான். இந்தப் பொண்ணு பேர எழுதறதா, விழுப்புரத்துல கம்ப்யூட்டர் டிப்ளமா படிச்ச ஒருத்தரு அப்ளிகேஷன் போட்டிருக்காரு, அவரு பேர எழுதறதான்னு வெள்ளிக்கெழம தபாலுக்குள்ள நான் முடிவு பண்ணியாவணும். இந்தப் பொண்ணுக்கு மெஷினு ஒத்து வருதான்னு பாத்து சொல்லுங்க."

மேலாளர் போன பிறகு அவள் என்னிடம் வந்தாள்.

"சார், இன்னா செய்யணும்னு சொல்லுங்க, செய்யறேன். எங்கம்மாவும் நைனாவும் கடல பறிக்கத்தான் போறாங்க. அது கேவலம்னு சொல்லல. ஆனா நான் டைப்பிங்ல இங்கிலீஷ் ஹையரும் தமிழ் ஹையரும் பாஸ் பண்ணது அதுக்கு இல்ல சார்."

யாரும் என்னிடம் அதுவரை அவ்வளவு நேராகப் பேசியதில்லை. அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது என்று சொன்னால் சினிமா போல இருக்கும். ஆனால் அப்படித்தான் நடந்தது. வலது கைப் பெருவிரலில் கார்பன் தாளின் நீலம் ஒட்டியிருந்தது. அதைப் புடவைத் தலைப்பில் துடைக்காமல், அதற்கென்று வைத்திருந்த ஒரு துணியில் துடைத்துக்கொண்டே பேசினாள்.

யுனிக்ஸ் ஏற்றுவது என்றால் இன்றைக்கு இருப்பது போல இல்லை. சதுரமான பிளாப்பிகள், ஒரு கட்டு. ஒன்று முடிந்ததும் அடுத்ததைப் போடு என்று திரை கேட்கும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. செஞ்சியில் அந்தப் பங்குனி மாதத்தில் கரண்ட் போகாத நாள் இல்லை. திங்கட்கிழமை மூன்று முறை போயிற்று. ஒருமுறை திரையில் "பேனிக்" என்று வந்தது. யுனிக்ஸுக்குத் தன்னைச் சமாளிக்க முடியாமல் போகும்போது அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். மேலாளர் அதைப் படித்துவிட்டு உண்மையிலேயே பதறிப்போய், கீழே இருந்த மூட்டைகளை ஜன்னலிலிருந்து தள்ளி அடுக்கச் சொன்னார். தீப்பிடிக்கும் என்று நினைத்தாராம். காரணம் ஒரு கேபிள் சரியாகச் செருகவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தொழிலுக்கு வந்த முதல் ஆறு மாதத்திலேயே நான் கற்ற பாடம் அது. திரையில் வரும் பிழைச்செய்தியை நம்பக் கூடாது. இடமில்லை என்று சொல்லும், வட்டில் பாதி காலியாக இருக்கும். அனுமதி இல்லை என்று சொல்லும், கோப்பின் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருக்கும். கணவன் மனைவி சண்டையில் சாம்பாரில் உப்பில்லை என்று ஆரம்பிப்பது போல, சொல்வது ஒன்று, காரணம் வேறொன்று. அதைத் தோண்டி எடுக்கத் தெரிந்ததால்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். அந்தத் திறமையைப் பற்றி எனக்குக் கர்வமும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை யுனிக்ஸ் நல்லபடியாக ஏறிவிட்டது. அடுத்து, விதை விவரங்களை வைத்துக்கொள்ளும் மென்பொருள். அது சில கேள்விகள் கேட்கும். கம்பெனி பெயர் என்ன, ஊர் என்ன, மென்பொருளோடு வந்த அட்டையில் இருக்கும் வரிசை எண் என்ன. நானே அடித்திருக்கலாம். இரண்டு விரலால் கோழி கொத்துவது போல அடிக்கிறவன் நான். ஆனால் அதற்காக அல்ல, அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காகவே, "நான் படிக்கிறேன், நீங்க அடிங்க. பழக்கமாகும்" என்றேன்.

அவள் அடித்த வேகத்தைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். விசைப்பலகையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கண் அட்டையில், விரல் தன்பாட்டுக்கு ஓடியது. கடைசிக் கேள்விக்குப் பிறகு மெஷின் கொஞ்ச நேரம் உறுமியது. பிறகு பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது. "கேனாட் கிரியேட் டேட்டாபேஸ்: நாட் எ டைப்ரைட்டர்."

எனக்கு அந்தச் செய்தி புதிதில்லை. அவளுக்கு விளக்கினேன். யுனிக்ஸ் பிறந்த காலத்தில் திரை கிடையாது, மனிதனும் மெஷினும் டைப்ரைட்டர் மாதிரி ஒரு கருவி வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். அதனால் எந்த வேலையைத் தொடங்கினாலும் மெஷின், "எதிரே இருப்பது டைப்ரைட்டரா?" என்று தனக்குத்தானே ஒருமுறை கேட்டுக்கொள்ளும். இல்லை என்றால் ஒரு பலகையில் "டைப்ரைட்டர் அல்ல" என்று எழுதி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடும். அது தப்பே இல்லை. ஆனால் பலகையை யாரும் அழிப்பதில்லை. அரை மணி கழித்து வேறெங்கோ ஏதோ தடுக்கினால், என்ன ஆயிற்று என்று பலகையைப் பார்க்கும். பழைய எழுத்து அப்படியே இருக்கும். அதையே எடுத்துப் படித்துவிடும்.

அவள் யோசித்துவிட்டு, "அப்ப அது பொய் சொல்லல சார். வேற கேள்விக்கு பதில் சொல்லுது" என்றாள்.

எங்கள் கம்பெனியில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த சீனியரே அரைமணி நேரம் சுற்றி வளைத்த விஷயம். இவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

மேலாளர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். திரையைப் படித்தார். தமிழில் யோசித்தார். "டைப்ரைட்டர் இல்லன்னு சொல்லுது" என்றார். "இன்னாய்யா, நம்மகிட்ட இல்லாமயா? மூனு வருஷமா அதுலதான அடிக்கிறோம்? கொண்டாந்து பக்கத்துல வைங்க."

நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் விடவில்லை. கீழேயிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, முன்னறையிலிருந்த கனமான பழைய டைப்ரைட்டரைத் தூக்கி வந்து, புது மெஷினுக்குப் பக்கத்திலேயே மேசை போட்டு வைத்தார். "இப்ப ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன். அதே வரி வந்தது. "சூடு ஏறணும் போல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். மறுபடியும் நான் படிக்க, அவள் அடித்தாள். மறுபடியும் அதே வரி. புதன்கிழமை காலை பிளாப்பி டிரைவின் தலையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். டிரங்க் கால் போட்டு மெட்ராசில் சீனியரைக் கேட்டேன். "மறுபடி ஏத்துடா" என்றார். மெஷின் சேமித்து வைத்திருந்த பதில்களைத் திரையில் வரவழைத்து, அட்டையோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். சரியாகவே இருந்தது. மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

டைப்ரைட்டர் பக்கத்திலேயே வந்துவிட்டதால், அவளும் தன் வழக்கமான வேலையை என் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாள். முளைப்புத் திறன் அறிக்கை. ஈரத்துணியில் நூறு விதையைச் சுருட்டி வைத்து, எத்தனை முளைத்தது என்று எண்ணிய கணக்கு. எனக்கு வேலை ஓடவில்லை. அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனதில் பட்டதை மறைப்பானேன், வேலைக்காக அல்ல, ஆசையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேதி அடிக்க வேண்டிய இடம் வந்தது. பதினொன்று என்று அடிக்க, அவளுடைய வலது மோதிர விரல் இரண்டு முறை ஒரே எழுத்தைத் தட்டியது. மேல் வரிசைக்குப் போகவே இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். அந்த டைப்ரைட்டரில் எண்கள் இரண்டிலிருந்துதான் தொடங்கின. ஒன்றுக்கு விசையே கிடையாது. ஆங்கிலத்தின் சின்ன 'எல்' எழுத்தைத்தான் ஒன்றாக அடிக்கிறார்கள். காகிதத்திலும் சரி, எங்கள் பச்சைத் திரையிலும் சரி, இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், மெஷினுக்கு மட்டும் வேறு வேறு. டைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். படிக்காத எனக்குத் தெரியாது.

எங்கள் வரிசை எண்ணில் நான்கு இடத்தில் ஒன்று வந்தது.

நான் எதுவும் பேசவில்லை. ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். "வரலியா சார்?" என்று அவள் கேட்டாள். பசிக்கவில்லை என்றேன். படியிறங்கும் சத்தம் அடங்கியதும் உட்கார்ந்து, நானே என் இரண்டு விரலால், மேல் வரிசையிலிருந்த ஒன்றை நான்கு முறை தட்டி எண்ணை அடித்தேன். மெஷின் உறுமியது. ஏற்றுக்கொண்டது. விதைப் பதிவேட்டின் முதல் பக்கம் காலியாகத் திரையில் வந்து நின்றது.

ஜன்னலுக்கு வெளியே கோட்டை மலையான ராஜகிரி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வேலை முடிந்தது என்றால் மாலை பஸ்ஸில் நான் மெட்ராஸ். அடுத்தது சேலமோ நெல்லூரோ. செஞ்சிக்கு நான் திரும்பி வர எந்தக் காரணமும் இருக்காது.

இன்னொரு காரணமும் கண்டுபிடித்தேன். என்ன தப்பு என்று மேலாளர் கேட்பார். அந்தப் பெண் அடித்ததுதான் தப்பு என்று சொன்னால் அவள் பேர் அடிபட்டுப் போகும். ஆகையால் அவளைக் காப்பாற்ற நான் கொஞ்சம் பொறுக்க வேண்டும், ஏதாவது நல்ல சாக்கு யோசிக்க வேண்டும். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் என் விரல் நகர்ந்தது முதல் காரணத்துக்காக. ஏற்றியதை அழித்தேன். பழைய, தப்பான எண்ணை அதே இடத்தில் திருப்பி வைத்தேன். அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது திரையில் மறுபடியும் "நாட் எ டைப்ரைட்டர்" இருந்தது. வெள்ளிக்கிழமை காலை சரிசெய்துவிடலாம், தபாலுக்கு நேரம் இருக்கிறது, இரண்டு நாள் கையில் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன்.

வியாழக்கிழமையைப் பற்றி என்ன சொல்ல. என் வாழ்க்கையில் அவ்வளவு இன்பமான வேலைநாள் வேறு இல்லை. அதன் விலை தெரிந்த பிறகும் அதை வேறு மாதிரி நினைக்க முடியவில்லை, இதுதான் என்னைப் பிடுங்கித் தின்பது. மென்பொருள் ஓடாவிட்டால் என்ன, யுனிக்ஸ் ஓடுகிறதே, பழகுங்கள் என்று அவளை உட்கார வைத்தேன். கோப்பு என்றால் என்ன, கோப்புகளைப் போட்டு வைக்கும் அடைவு என்றால் என்ன என்று சொன்னேன். எந்தக் கோப்பு எந்த நாள் எத்தனை மணிக்கு உண்டானது என்று பார்க்க, எல் எஸ், ஓர் இடைவெளி, ஒரு கோடு, மறுபடி எல். அவள் அடித்தாள். பட்டியல் ஓடியது. "எல்லாத்துக்கும் மணி போட்டு வெச்சிருக்குது சார்!" என்று வியந்தாள். மதியம் அவள் கொண்டுவந்த புளிச்சோற்றில் பாதியை டப்பா மூடியில் வைத்துத் தந்தாள். வேலை கிடைத்தால் முதல் சம்பளத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "எங்கம்மாவ ஒரு மாசம் வயலுக்குப் போவாதன்னு சொல்லுவேன்" என்றாள். "போவாம இருக்காது. ஆனா சொல்லணும் சார்."

நான் எத்தனை முறை வாயெடுத்தேன் தெரியுமா. உங்களைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். ஒவ்வொரு முறையும் அதற்குப் பதிலாக யுனிக்ஸில் இன்னொரு கட்டளையைச் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஒரு நாளில் அவளுக்கு முப்பது கட்டளை தெரிந்துவிட்டது.

மூன்று மணி இருக்கும். மேலாளர் வந்தார். திரையைப் பார்த்தார், பக்கத்திலிருந்த டைப்ரைட்டரைப் பார்த்தார். அவருக்கு அலுத்துவிட்டது.

"ரெண்டு நாளா பக்கத்துல வெச்சும் இல்லன்னே சொல்லுதே. இது இன்னாய்யா கூத்து?"

என் வாய் சும்மா இருக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்கிற துள்ளல். "சார், டைப்ரைட்டர் இங்க இல்லைன்னு அது சொல்லல. 'இது டைப்ரைட்டர் அல்ல'ன்னு சொல்லுது. இல்லை வேற, அல்ல வேற" என்று தமிழாசிரியர் போல விளக்கினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

மேலாளர் சிரிக்கவில்லை. "இது டைப்ரைட்டர் அல்ல" என்று மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டினார். தன் அறைக்குப் போய்விட்டார். நாலு மணிக்கு மெட்ராசுக்குக் கடலை லாரி கிளம்பியது. அவர் ஒரு கவரை ஒட்டி டிரைவரிடம் கொடுத்ததை ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். பார்த்துவிட்டு, அடுத்த கட்டளைக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் நன்றாகச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தேன். அவளை உட்கார வைத்து, "இன்னிக்கு ஒரு புது மாதிரி முயற்சி பண்ணலாம். ஒன்னு வர எடத்துல மேல் வரிசையில இருக்கறத அடிங்க" என்றேன். அவள் விரல் அந்தரத்தில் நின்றது. விசைப்பலகையை முதல் முறையாகக் குனிந்து பார்த்தாள். புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. ஒன்றும் கேட்காமல் அடித்தாள். மெஷின் உறுமியது. பதிவேடு வந்தது. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன், அதைத்தான் இத்தனை வருடமும் வைத்துக்கொண்டிருக்கிறேன். "வந்துடுச்சு சார்!" என்று மேலாளர் அறைக்கு ஓடினாள்.

அவர் வந்து பார்த்தார். என் கையைக் குலுக்கினார். பிறகு அவளைப் பார்த்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

"நேத்தே லாரில லெட்டர் அனுப்பிட்டேம்மா. அந்த டிப்ளமா ஆளு பேர எழுதிட்டேன். சாரே சொல்லிட்டாரு, இது டைப்ரைட்டர் அல்ல, வேற ஜாதி மெஷினுன்னு. டைப் அடிக்கறவங்களுக்கு ஒத்து வராதுன்னு எழுதிட்டேன்."

நான் பதறினேன். போன் போட்டுச் சொல்லலாம், இன்றைக்கு வேறு கடிதம் எழுதலாம் என்றேன். "எழுத்துல போனது போனதுதான் சார். நேத்து ஒன்னு இன்னிக்கு ஒன்னு எழுதுனா என்னிய இன்னான்னு நெனப்பாங்க?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு அப்போதும் வாய்ப்பிருந்தது. அவர் பின்னால் போய், எல்லாம் என் வேலை என்று சொல்லியிருக்கலாம். என் கம்பெனிக்குத் தெரிந்தால் என் வேலை போகும் என்று கால் நகரவில்லை.

அவள் அழவில்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல்தானோ என்னவோ, முந்தின நாள் சொல்லிக்கொடுத்ததை அடித்தாள். பட்டியல் ஓடியது. அவள் விரலை ஒரு வரியில் வைத்தாள். நான் புதன்கிழமை அழித்தபோது ஒரு சின்னக் கோப்பை அழிக்க மறந்திருந்தேன். மென்பொருள் முதன்முறை சரியாக ஏறியதும் உண்டாகி, பிறகு மாறாத கோப்பு, பெயரைப் படித்தாலே அது தெரியும்.

"புதன்கெழம ஒன்னு இருவத்தஞ்சுக்கே வந்திருக்குது சார்" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க அன்னிக்கு சாப்புட வரல."

"நீங்க அடிச்சதுல தப்புன்னு அவருக்குத் தெரிஞ்சா உங்க வேலை போயிடும்னு..."

"அவருகிட்ட சொல்ல வேணாம் சார். எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஒரு நம்பரு. அர மணில பழகியிருப்பேன்."

மூன்று நாளில் என் மூளைக்கு ஒருமுறைகூடத் தோன்றாத வழி அது. அவளைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டவன், அவளிடம் பேசலாம் என்று நினைக்கவே இல்லை. அப்போதுதான், எல்லாம் போன பிறகு, வாயிலிருந்து வந்தது.

"இன்னும் ரெண்டு நாள் இங்க இருக்கணும்னு தோணுச்சு. உங்க பக்கத்துல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அதயும் சொல்லியிருக்கலாம் சார்" என்றாள்.

எழுந்து போய் டைப்ரைட்டருக்கு உறையைப் போட்டாள். நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாலை பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை என் கம்பெனி என்னை மறுபடியும் செஞ்சிக்கே அனுப்பியது. புதிதாக வரும் ஆளுக்குப் பயிற்சி தர வேண்டுமாம், பத்து நாள். நான் போனபோது அவளைச் சனிக்கிழமையோடு நிறுத்திவிட்டிருந்தார்கள். விழுப்புரத்துக்காரர் நல்ல மாதிரி. அவருக்கும் வேலை வேண்டியிருந்தது, அவர்மேல் கோபப்பட எனக்கு எந்த நியாயமும் இல்லை. கட்டளைகளைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஒருமுறையில் பிடித்ததை அவர் நான்கு முறையில் பிடித்தார்.

நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஊரான வல்லத்துக்குப் பஸ் ஏறிப் போனேன். சாலையோரம் ஒரு வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து கடலை பறித்துக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியவில்லை, எல்லாரும் தலையில் துணி போட்டிருந்தார்கள். போய்க் கேட்கலாம் என்றால், வெளியூர் ஆண் ஒருவன் வந்து இந்தப் பெண் எங்கே என்று கேட்டால் ஊரில் அவளைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று பயம். அது உண்மையான பயமா, இன்னொரு சாக்கா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அதே பஸ் திரும்பி வந்தபோது ஏறிவிட்டேன்.

ஆசைப்பட்டபடியே செஞ்சியில் மேலும் பத்து நாள் இருந்தேன்.